துண்டுக் குரங்கின் மேல் நான் எழுதிய புகார்

எங்கள் கப்பலுக்குப் பதினாறு மாடி என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பதினொன்றுதான். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் ஐயாயிரம் பேர் உட்காரலாம் என்று மைத்துனரிடம் அளந்ததும் பொய். அறுநூறு பேர் உட்கார்ந்தாலே முழங்கை இடிக்கும். அலை மட்டும் நிஜமாகவே பெரிது. முதல் நாள் காலையில் ஒரு அலை எழும்பி வந்து எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யாரு, குடிநீர் ஆபீஸ்காரரா?" என்று விசாரித்துவிட்டுப் போயிற்று.

முப்பத்தாறாவது கல்யாண நாளுக்காக மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட் அது. நானும் மனைவியும் அதற்கு முன் தண்ணீரில் போன அதிகபட்சப் பயணம், பூங்காக் குளத்தில் கால் மிதிக்கும் படகில் அரை மணி நேரம். அதிலும் மிதித்தது அவள்தான்.

எங்கள் இருவரின் உத்தியோகத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் இருந்தவள். சர்க்கரை நூற்றுப் பதினேழு என்றால் அவள் வாயில் நூற்றுப் பதினேழுதான் வரும். "கிட்டத்தட்ட நூற்றிருபது" என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பாள். நான் குடிநீர் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில், முப்பத்து நான்கு வருடம். ஊரில் உள்ளவர்கள் எழுதுவதைப் படிப்பதுதான் என் வேலை. "எங்கள் தெருவே வெள்ளத்தில் மிதக்கிறது" என்று வந்தால், ஏதோ குழாய் இணைப்பில் கசிகிறது என்று அர்த்தம். "ஒரு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை" என்றால் மூன்று நாள். எங்கள் பிரிவில் இதற்குப் பத்தாம் வாய்ப்பாடு என்று பெயர். எந்தப் புகார் வந்தாலும் முதலில் பத்தால் வகு. மீதி இருப்பதற்கு ஆள் அனுப்பு. இத்தனை வருடம் மற்றவர்களின் பொடிமாஸைத் தின்றே வளர்ந்ததால் எனக்கும் அந்த மசாலா ஏறிவிட்டது. மைத்துனர் என்னைக் கூப்பிடுவதே பலூன் மச்சான் என்றுதான்.

எங்கள் அறையைக் கவனித்துக்கொண்டவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் அவருக்கு வைத்த பெயர் துண்டுக்காரர். காலையில் நாங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் வந்து, படுக்கையைச் சீர்செய்துவிட்டு, குளியல் துண்டுகளை மடித்து ஏதாவது ஒரு மிருகம் செய்து வைத்துவிட்டுப் போவார். முதல் நாள் யானை. இரண்டாம் நாள் முயல். அந்த முயலைப் பிரித்து உடம்பு துடைக்க மனம் வராமல் நான் போர்வையில் துடைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு யாரைப் பார்த்தாலும் இரண்டே நிமிடத்தில் குடும்பக் கதை வந்து சேர்ந்துவிடும்.

"வியாழக்கிழமை கப்பல் நிக்கப்போற ஊர்லதான்மா என் பொண்ணைக் குடுத்திருக்கு" என்றார் துண்டுக்காரர், தலையணை உறையை மாட்டிக்கொண்டே. "பேரன் பொறந்து நாலு மாசம். போன்லதான் பார்த்திருக்கேன். ஒன்பது மணிக்கு இறங்கினா மூணு மணிக்குத் திரும்ப ஏறிடணும். ஆறு மணி நேரம் கிடைக்கும்."

"வெறும் ஆறு மணி நேரமா?"

"வெறும்னா? இந்த ஆறு மணி நேரத்துக்காக ரெண்டு ரூட்டு மாத்திக் கேட்டு வாங்கி இந்தக் கப்பலுக்கு வந்தேன்மா. பொண்ணு துறைமுக கேட் பக்கத்துலயே வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கு."

"கைக்குழந்தையை எப்படித் தூக்கணும்னு மறந்திருக்கப் போறீங்க" என்றாள் இவள்.

"யானையே தூக்கறேன், பேரனைத் தூக்க மாட்டேனா?" என்று துண்டு யானையைத் தூக்கிக் காட்டினார். மூவரும் சிரித்தோம். நானும் கூடவே சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உணவு முடிந்து வந்து, இவள் கதவைத் திறந்தாள். திறந்தவள் "ஐயோ!" என்றாள். உடைமாட்டியிலிருந்து ஒரு குரங்கு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு துண்டுகளால் செய்த குரங்கு. ஒரு கையால் மாட்டியைப் பிடித்துக்கொண்டு, என் பழைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாட்சாத் என்னைப் போலவே எங்களை முறைத்தது. இவள் கைப்பையைக் கீழே போட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "உங்க தம்பியா?" என்று என்னைக் கேட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

அவள் தலை வாரப் போனாள். மேசைமேல் கருத்து அட்டை ஒன்று கிடந்தது. ஐந்து முகங்கள்: சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம்வரை. கீழே எழுதுவதற்கு இடம், பக்கத்தில் பேனா. என் கை அரித்தது. முப்பத்து நான்கு வருடம் ஊரார் புகாரைப் படித்தவன், சொந்தமாக ஒரு புகார்கூட எழுதியதில்லை. கல்யாணச் சமையல்காரன் பந்தியில் உட்காராமலே ஓய்வு பெற்ற மாதிரி. சரி, ஒன்றே ஒன்று எழுதிப் பார்க்கலாம், யாரோ ஓர் அதிகாரி படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

"பேரன்புடையீர், தங்கள் பணியாளர் எங்கள் அறையில் ஒரு குரங்கை ஏவிவிட்டிருக்கிறார். அதைக் கண்ட என் மனைவி வேரறுந்த மரம்போல் சாய்ந்தாள். அவள் இதயம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டது. நான் மார்பில் அழுத்தி, முகத்தில் நீர் தெளித்து, குலதெய்வங்கள் அனைத்தையும் அழைத்து உயிரை மீட்டேன். இன்னும் அவளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. தக்க நடவடிக்கை கோருகிறேன்."

அழுகிற முகத்தில் குறி போட்டேன். அழாத புகாரும் ஒரு புகாரா? கடைசி வரியை மட்டும் நாலு தரம் படித்து ரசித்தேன். "தக்க நடவடிக்கை." ஆயிரக்கணக்கான கடிதங்களில் படித்துப் படித்து என் நாக்கில் ஊறிய தொடர். வெளியே போகும்போது அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியை ஒரு தட்டும் தட்டினேன்.

அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசையில் ஓய்வு பெற்ற பல் டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சூப் வந்தது. சூப்புக்குப் பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்தாள். நர்ஸுக்குப் பின்னால் சக்கர நாற்காலி வந்தது.

"மயங்கி விழுந்தவங்க யாருங்க?"

பக்கத்து மேசைகளும் திரும்பிப் பார்த்தன. "யாரு மயங்கினது?" என்றாள் என் மனைவி. அவளும் அக்கறையாகத்தான் சுற்றிப் பார்த்தாள், பாவம்.

"அறை எண் உங்களுதுதான்மா. காலையில இருந்து தேடறேன், ரூம்ல நீங்க இல்லை." நர்ஸ் என் அட்டையை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். வேரறுந்த மரம். இரண்டு நிமிடம். குலதெய்வங்கள். என் நடை மற்றவர் வாயில் கேட்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"ரெண்டு நிமிஷம் இதயம் நின்னா மூளை பாதிச்சிருக்குமே" என்றார் பல் டாக்டர்.

"அது இவருக்கு. முப்பத்தாறு வருஷமா பாதிச்சுதான் இருக்கு" என்றாள் இவள்.

கூடமே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கையை மேசைமேல் நீட்டி, "வந்தது வந்தீங்க, பிரஷர் பார்த்துடுங்க" என்றாள். நர்ஸ் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, எண்ணைச் சொன்னாள்.

"நூத்தி முப்பத்தெட்டு."

"எனக்கு எப்பவும் நூத்தி இருபத்திரண்டு" என்றாள் இவள். "மேல இருக்கிற பதினாறு இவரோடது."

அறைக்கு வந்தோம். கட்டில்மேல் இரண்டு துண்டுகள் இருந்தன. தட்டையாக, நாலு மூலை மடிப்பு. வாசலில் வேறொரு பணியாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"எப்பவும் வர்றவர் எங்கேங்க?" என்றாள் மனைவி.

"அவரைக் கீழே லாண்டரிக்கு மாத்திட்டாங்கம்மா. யாரோ ஒரு அம்மா சாகப் பார்த்தாங்களாம், புகார் வந்திருக்கு. அது தீர்ற வரைக்கும் பயணிங்க இருக்கிற மாடிக்கே வரக் கூடாது."

"வியாழக்கிழமை கரையில இறங்கலாமில்ல?"

"புகார் நிலுவையில இருந்தா கரை கிடையாதும்மா. கப்பல் சட்டம்."

வண்டி போய்விட்டது. இவள் கதவைச் சாத்தினாள். திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். திட்டுக்கு நான் பதில் சொல்லிப் பழகியவன்.

"ஏங்க, அவர் பொண்ணு கேட் பக்கத்துல வந்து நிக்கும்" என்றாள். "போய் அந்தக் காகிதத்தை வாங்கிட்டு வாங்க."

மறுநாள் புதன்கிழமை. எங்கள் கல்யாண நாள். எட்டு மணிக்கு வரவேற்பு மேசைக்கு முன் வரிசையில் நின்றேன். பயணிகள் புகாரைப் பார்க்கும் அதிகாரி நாற்பது வயதுப் பெண். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் நான் போட்டிருந்த முகம்.

"வாபஸ் வாங்க முடியாது சார். உயிர் சம்பந்தப்பட்ட புகார். எது நடந்துச்சு, எது நடக்கலைன்னு எழுத்துல குடுங்க. கேப்டன் கையெழுத்துப் போட்டாதான் ஃபைல் மூடும்."

எழுத்தா? எழுத்துதானே நமக்கு! அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஏழு கடலிலும் துண்டுக்காரரைப் போல் ஒரு மனிதர் கிடையாது என்றேன். அவர் விரல் பட்டால் துண்டுக்கு உயிர் வரும் என்றேன். குரங்கைக் கண்டு சிரித்த சிரிப்பில் என் மனைவிக்குப் பதினைந்து வயது குறைந்துவிட்டது, அவளை யாரோ என் மகள் என்று நினைத்துவிட்டார்கள் என்றும் எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதிகாரி மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள்.

"நேத்து இதயம் நின்னுச்சு. இன்னிக்குப் பதினஞ்சு வயசு குறைஞ்சிருக்கு. இதுல நான் எதை சார் நம்பறது?"

என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "நானும் உங்க தொழில்தாம்மா" என்றேன். "புகார்ப் பிரிவு. எங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் பத்தால வகுத்துடுவோம். நீங்களும் வகுத்துப் படிப்பீங்கன்னு நினைச்சு..."

"இங்க வகுக்கறதில்லை சார்" என்றாள். "மயக்கம்னு எழுதினா மயக்கம்னுதான் படிப்போம்." மூன்று பக்கத்தையும் என் பக்கம் திருப்பித் தள்ளினாள். "நீங்க வகுத்ததுல நிஜமாவே கஷ்டப்பட்டவங்க யாரும் சிக்கலையா?"

சிக்கினார்கள். ஒரு தையல்கார அம்மாள், "மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை" என்று எழுதியிருந்தார். வகுத்தேன், இரண்டு நாள் என்று வந்தது, கடிதக் கட்டின் அடியில் வைத்தேன். அப்புறம் அவரே நேரில் வந்து, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிய ஆறு கடிதங்களின் நகலையும் என் மேசையில் பரப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். ஒன்றுகூட மிகையில்லை. எழுதியதைவிட இரண்டு நாள் அதிகமாகவே கஷ்டப்பட்டிருந்தார். அந்த அம்மாள் நின்ற தோரணையை நடித்துக் காட்டி, பல விருந்துகளில் நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

காகிதங்களை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் பரிசாரகர்கள் எட்டுப் பேர் கைதட்டிக்கொண்டு கேக்கோடு வந்துவிட்டார்கள். நான்தான் கப்பல் ஏறும்போதே சொல்லி வைத்திருந்தேன். கேக்கில் முப்பத்தாறு என்று க்ரீமால் எழுதியிருந்தது. பல் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். இவள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, அழகாக வெட்டி, மேசையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு வைத்தாள், ஊட்டவில்லை. மீதியைக் காட்டி, "இதை லாண்டரியில இருக்கிறவருக்குக் குடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"புகார் இருக்கிறவருக்குப் பயணிங்க எதுவும் தரக் கூடாதும்மா" என்றார் பரிசாரகர்.

எனக்கு வைத்த துண்டை அந்த மீதிக் கேக்குக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

அறைக்கு வந்ததும் இவள் மேசை விளக்கைப் போட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். "உட்காருங்க. ரத்த ரிப்போர்ட் மாதிரி எழுதணும். இருக்கிறது இருக்குன்னு, இல்லாதது இல்லைன்னு."

நான் எழுதத் தொடங்கினேன். "கடலலைகள் சாட்சியாக..."

"அடிங்க அதை."

அடித்தேன். வேறு தாள். ஒரு மணி நேரத்தில் நாலு வரி. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு எதையும் எழுதியதில்லை. "என் மனைவி மயங்கவில்லை. அவள் இதயம் நிற்கவில்லை. துண்டால் செய்த குரங்கைப் பார்த்து 'ஐயோ' என்றாள், பிறகு சிரித்தாள். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது."

வாங்கிப் படித்தாள். "இட்டுக்கட்டினதுன்னா ஏதோ பாட்டுக் கட்டின மாதிரி இருக்கு. பொய்னு போடுங்க."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணுதானே? அப்ப போடறதுக்கு என்ன?"

போட்டேன். "மற்றதெல்லாம் நான் எழுதிய பொய்." பேனா அந்தச் சொல்லில் மட்டும் மையைக் கக்கியது. இல்லை, கக்கவில்லை, என் கைதான் அழுத்தியது. நாலு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி ஒரு தடவைதான் படித்தாள். "நாளைக்குத் துறைமுகம். கேப்டன் அந்த வேலையில இருப்பார். எப்ப கையெழுத்து ஆகும்னு சொல்ல முடியாது" என்றாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கப்பல் துறையில் கட்டப்பட்டது. பயணிகள் தொப்பியும் பையுமாக இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பணியாளர்களும் கூட்டமாக இறங்கினார்கள். அதில் கயிறு கட்டின மூக்குக்கண்ணாடி இல்லை.

கம்பி வேலிக்கு அப்பால், வெளிவாசல் பக்கத்தில், மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை வண்டியோடு நின்றாள். வெயில் ஏற ஏற வண்டியை நிழலுக்கு நகர்த்தினாள். நிழல் நகர்ந்தபோது மறுபடி நகர்த்தினாள். பத்தரைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பதினொன்றுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நான் இரண்டு முறை வரவேற்பு மேசைக்கு ஓடினேன், இரண்டு முறையும் "இன்னும் இல்லை சார்."

"அவதானா இருக்கும்?" என்றேன். வேறு யாராகவோ இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை.

"காலையில இருந்து கப்பலை விட்டுக் கண்ணை எடுக்கலை" என்றாள் இவள். "வேற யாரு?"

பன்னிரண்டே முக்காலுக்குத் துண்டுக்காரர் இறங்கினார். சீருடையை மாற்றக்கூட இல்லை. கையில் ஒரு பை. சரிவுப் பாலத்தில் ஓடினார். அந்த வயதுக்கு அப்படி ஓடக் கூடாது. வாசலில் மஞ்சள் சட்டை எழுந்தது. பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. தரையில் ஆணிகள் அடித்திருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதிலிருந்து மூன்றுவரை ஆறு மணி நேரம். அதில் மூன்றே முக்கால் மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன். இதை யாரும் வகுக்க வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. துண்டுக்காரர். கையில் இரண்டு துண்டு. உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக மனைவியிடம் போனார்.

"அம்மா, இப்ப நெஞ்சு எப்படி இருக்கு?"

எங்கள் இருவருக்கும் ஒரு நிமிடம் புரியவில்லை.

"கீழே யாரும் எதுவும் சொல்லலைம்மா" என்றார். "புகார் மூடிடுச்சு, போன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு நாளா இஸ்திரி போட்டுக்கிட்டே நினைச்சேன், எழுந்து உட்கார்ந்தாங்களா, பேச்சு வந்துச்சான்னு. ஒரு கேலிக்குச் செஞ்ச குரங்கு, அது ஒரு உசிரை வாங்கப் பார்த்துச்சேன்னு..." கையிலிருந்த துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டார். "பேரனைக் கையில வெச்சுக்கிட்டும் அந்த நினைப்புதான்மா."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவள் சொல்லப்போவதில்லை.

"அவளுக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றேன். "மயக்கம் வரலை. இதயம் நிக்கலை. சிரிச்சாதான். நான் பொய் எழுதினேன்."

"எதுக்கு சார்?"

காரணம் ஏதாவது பெரிதாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேடினேன். முப்பத்து நான்கு வருடமும் கை கொடுக்கவில்லை.

"சிரிப்புக்கு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"துண்டு ரெண்டு போதுமா சார், இல்லை மூணு வைக்கட்டுமா?"

"ரெண்டு போதும்."

கட்டில்மேல் இரண்டையும் வைத்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தட்டையாக, கையால் ஒரு முறை நீவினார்.

"பேரன் யாரு மாதிரி இருக்கான்?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

அவர் முகம் திறந்துகொண்டது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, திரையைத் தேய்த்து, அவள் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். அவள் "அடடா, மூக்கைப் பாரு, அப்படியே தாத்தா!" என்றாள். அவர் அடுத்த படத்துக்குப் போனார். அதற்கும் அடுத்த படத்துக்கு. இருவர் தலையும் அந்தச் சின்ன வெளிச்சத்தின் மேல் குனிந்திருந்தன.

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எட்டிப் பார்க்க இரண்டடி வைத்தால் போதும். வைக்கவில்லை. கைபேசியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு கீறல் இருந்தது. ஒன்றே ஒன்று.